பூமி பூஜைக்கு முன்பே போய்க் கேளுங்கள்: நம் பகுதியைச் சீரமைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

2021 டிசம்பர் 27 அன்று காலை, சென்னை திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு ஒன்றில் விரிசல் விரிவதைப் பார்த்த மக்கள் அவசரமாக வெளியே வந்தார்கள். சற்று நேரத்தில் 24 வீடுகள் கொண்ட அந்தக் கட்டடம் தரைமட்டமானது. நல்லவேளையாக ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒரு கட்டடம் எப்போது நோய்ப்படுகிறது என்பது அதில் படுத்து எழுகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். தெருவில் மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மூலையில் விளக்கு எரியாது, மீன்காரம்மா எந்த மரத்தடியில் உட்காருவார் என்பதெல்லாமும் அப்படித்தான். ஆனால் அந்தப் பகுதியை இடித்துக் கட்டவோ சீர்படுத்தவோ திட்டம் போடும்போது, கடைசியாகக் கேட்கப்படுகிறவர்களும் இவர்கள்தான்.

இதில் அரசின் பொறுப்பு பெரியது. நானும் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் வடசென்னையில் சில ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுக்கவும் கூட்டங்களுக்குத் துணையாகப் போகவும் செய்து வருகிறேன். நம் பக்கமே திரும்பத் திரும்ப நடக்கிற சில தவறுகளைப் பார்த்துப் பார்த்து மனம் வலிக்கிறது. அவற்றைத் தவிர்த்திருந்தால் பல குடும்பங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டியது கிடைத்திருக்கும்.

தாமதமாகப் போவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஒரு குடியிருப்பை மறுகட்டுமானம் செய்வது என்றால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் குடும்பங்களின் கணக்கெடுப்பு. அப்புறம் விரிவான திட்ட அறிக்கை. பிறகு நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), வேலை உத்தரவு. இதெல்லாம் முடிந்த பிறகுதான் பந்தல் போட்டு பூமி பூஜை. நம்மில் பெரும்பாலோர் பந்தலைப் பார்த்துத்தான் கூடுகிறோம். "தரைத்தளத்தில் தள்ளுவண்டி நிறுத்த இடம் வேண்டும்", "பால்வாடி எங்கே?" என்று அங்கே கேட்கிறோம். இன்ஜினீயர் உதட்டைப் பிதுக்குகிறார். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை. ஒப்பந்தம் போட்ட பிறகு வரைபடத்தில் ஒரு சுவரை நகர்த்தினாலும் மதிப்பீடு மாறும். மதிப்பீடு மாறினால் கோப்பு மறுபடி மேலே போக வேண்டும். அதே கோரிக்கையைத் திட்ட அறிக்கை தயாராகும்போது கொடுத்திருந்தால் ஒரு கோடு வரைவதோடு வேலை முடிந்திருக்கும்.

எனவே கணக்கெடுக்க ஆள் வந்த அன்றே விழித்துக்கொள்ளுங்கள். "எதற்காக இந்தக் கணக்கு? திட்ட அறிக்கையை யார் தயாரிக்கிறார்கள்? வரைபடத்தை எங்களுக்கு எப்போது காட்டுவீர்கள்?" இந்த மூன்று கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தப்புள்ளி விவரங்களை அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தெருவில் கல்லூரிக்குப் போகிற பிள்ளை ஒருவரிடம் வாரம் ஒருமுறை அதைப் பார்க்கச் சொன்னாலே போதும்.

மாநகராட்சி வேலைகளுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2022ல் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபாக்கள் முதன்முதலாகக் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்தில் வார்டைப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சபை. சென்னையில் வார்டுகள் மட்டும் 200. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோருமே சபையின் உறுப்பினர்கள். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என ஆண்டுக்கு நான்கு நாட்கள் குறித்திருக்கிறார்கள். மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. அப்படியென்றால் உங்கள் தெருவுக்கு அடுத்த ஆண்டு என்ன வேண்டும் என்று சொல்ல ஏற்ற நாள் டிசம்பர் 10. மே மாதம் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பதில் பாதிப் பயன்கூட இல்லை. கூட்டம் கூட்டவே இல்லையா? அதையும் மண்டல அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள்.

வாயால் சொல்லிவிட்டு வருவது

"சார் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாரு." இந்த ஒரு வாக்கியத்தை நம்பி இரண்டு வருடம் காத்திருந்த ஒரு தெருவை எனக்குத் தெரியும். சொன்னவர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவரிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பேசுவது தப்பில்லை, பேசிய அன்றே அதை மனுவாக எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சபையில் பேசினால், பேசியது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள்.

கேட்பதிலும் துல்லியம் வேண்டும். "ரோடு சரியில்லை" என்றால் இருக்கிற ரோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு தார் விழும். மட்டம் உயரும், மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். "பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குப் புதிதாகப் போட வேண்டும்" என்று எழுதுங்கள். 2021ல் தலைமைச் செயலரே அப்படித்தான் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதையும் மனுவில் குறிப்பிடலாம்.

"நாம்" என்றால் யார் என்பதைச் சுருக்கிவிடுவது

இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். குடியிருப்போர் நலச்சங்கம் என்று பெயர் இருக்கும், ஆனால் சங்கத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டுமே இருப்பார்கள். பதினைந்து வருடமாக அதே தெருவில் வாடகைக்கு இருப்பவருக்கு அழைப்பு இல்லை. தெருமுனையில் இட்லி விற்கும் அம்மாவை "ஆக்கிரமிப்பு" பட்டியலில் சேர்க்கச் சொல்லி அதே சங்கம் மனுவும் கொடுக்கும். அவரும் அந்தப் பகுதியின் ஆள்தான். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, தெரு வியாபாரம் பற்றிப் பேசி முடிவெடுக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இது தெரிந்த வியாபாரிகள் மிகக் குறைவு. சங்கத்துக்காரர்களிலும் மிகக் குறைவு.

வாரியக் குடியிருப்புகளில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. எழுபதுகளில் குடிசை மாற்று வாரியம் ஒதுக்கிய வீட்டில் இப்போது மூன்றாம் தலைமுறை இருக்கிறது. தாத்தா பெயரில் ஒதுக்கீட்டு ஆணை, உள்ளே அப்பா குடும்பம், தடுப்புப் போட்டு அண்ணன் குடும்பம். அடுத்த வீட்டில் இருப்பவர் முதல் ஒதுக்கீட்டுதாரரிடம் வெள்ளைத் தாளில் எழுதி வாங்கியவர். அதற்கடுத்த வீட்டில் வாடகைக்காரர். கணக்கெடுப்பு வரும்போது "நம்ம பேர் வந்தா போதும்" என்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஓடுகிறார்கள். யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்ற சண்டை, வீடு இடிந்த பிறகு தெருவில் நடக்கிறது. முதல் கூட்டத்திலேயே எல்லா வகைக் குடும்பங்களையும் ஒரே பட்டியலில் எழுதி, ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் குறித்து, எல்லோருக்குமாகச் சேர்த்துப் பேசுங்கள். கஷ்டமான வேலைதான். அண்ணன் தம்பிக்குள்ளேயே மனக்கசப்பு வரும். ஆனால் பிரிந்து நின்றவர்களுக்கு நல்லபடி முடிந்ததை நான் பார்க்கவில்லை.

அந்தக் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், துறைமுகத்துக்குப் போகும் ஆண்கள் யாரும் வர முடியாது.

ஆணை கையில் வராமல் சாவியைக் கொடுப்பது

மறுகட்டுமானத்துக்காக வெளியேறும் குடும்பத்துக்கு அரசு தரும் கருணைத் தொகை முன்பு 8,000 ரூபாயாக இருந்தது. 2021ல் 24,000 ரூபாய் ஆனது. உயர்வு நல்லதுதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: வேலை 18 மாதத்தில் முடியும் என்று வைத்துக்கொண்டாலும், மாதத்துக்கு 1,333 ரூபாய். சென்னையில் இந்தத் தொகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. அட்வான்ஸ் வேறு கொடுக்க வேண்டும். வேலை இழுத்தால் சுமை முழுதும் குடும்பத்தின் தலையில். பிள்ளையின் பள்ளி மாறும், அம்மாவின் வேலை வீடு தூரமாகும்.

வீட்டைக் காலி செய்யுமுன் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும். திரும்பி வரும்போது இதே இடத்தில் வீடு உண்டு என்பது, எத்தனை சதுர அடி என்பது, கட்டி முடிக்கும் காலக்கெடு, பயனாளி பங்குத் தொகை எவ்வளவு என்பது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கேட்க மறக்கிறார்கள். புதுவீடு தயாரான பிறகு லட்சத்தைத் தாண்டிய தொகையைக் கட்டச் சொன்னால் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். தவணையில் கட்டலாமா, வங்கிக் கடன் ஏற்பாடு உண்டா என்பதையும் முன்பே கேளுங்கள். கணக்கெடுப்பில் கொடுத்த டோக்கன், ஆதார், மின் ரசீது, பழைய ஒதுக்கீட்டு ஆணை எல்லாவற்றையும் படம் எடுத்து, சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். இடம் மாறும்போது முதலில் தொலைவது காகிதம்தான்.

கட்டும்போது எட்டிப் பார்க்காமல் இருப்பது

2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் புதுக் குடியிருப்பில், கை வைத்தால் சுவர்ப் பூச்சு உதிர்ந்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிறகு ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். குடிவந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட, கட்டும்போதே கேட்க வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 என்றால் காகிதத்தில் பதில் வாங்குவது என்றுதான் நினைக்கிறோம். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) என்றெல்லாம் தேட வேண்டாம், "தகவல் உரிமை" என்பதன் விளக்கத்தைப் படித்தாலே தெரியும். அரசு வேலைகளை நேரில் பார்வையிடுவதும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறுவதும் அதில் அடங்கும். பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சிமென்ட் கலவையின் தரச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை ஐந்தாறு பேராகச் சேர்ந்து பார்வையிட அனுமதி கேளுங்கள். ஒப்பந்தக்காரருக்கு நம் மேல் கோபம் வரலாம், வரட்டும்.

சாவி வாங்கியதும் கலைந்து போவது

புது வீடு கிடைத்த சந்தோஷத்தில் சங்கம் காணாமல் போகும். பழைய மூன்று மாடிக்கும் புதிய ஒன்பது மாடிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாவற்றுக்கும் மின்கட்டணம் யார் கட்டுவது? "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து பராமரிப்புத் தொகை வசூலித்தால், அரசும் தன் பங்கைத் தருகிறது. பதிவு செய்யாத இடங்களில் முதலில் நிற்பது லிஃப்ட். எட்டாவது மாடியில் இருக்கும் பாட்டி அன்றிலிருந்து கீழே இறங்குவதில்லை. குடிபுகும் நாளிலேயே முதல் கூட்டத்தை வைத்து, மோட்டார் போடுகிறவர் யார், லிஃப்ட் நின்றால் யாரை அழைப்பது என்று எழுதி, கீழ்த்தளச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.