ஓடாத பேருந்தில் எட்டு மாணவர்கள்: பெரிய எம் சிக்கல் தீர்ந்த விதம்

பள்ளிப் பேருந்துகளை நிறுத்தங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கணித மாடல் ஒன்று பல நாட்களைத் தின்றுவிட்டது. உகந்த தீர்வு கிடைத்துவிட்டது என்றே சால்வர், அதாவது மாடலுக்கு விடை தேடும் மென்பொருள், சொன்னது. ஆனால் ஒரு பேருந்து ஓடாது, அதன் பைனரி மாறி (ஓடினால் 1, ஓடாவிட்டால் 0) 0 என்று காட்டிவிட்டு, அதே பேருந்தில் 8 மாணவர்களை ஏற்றியிருந்தது. ஓடாத பேருந்துக்குச் செலவும் சேரவில்லை.

முதலில் தரவைச் சந்தேகித்தேன். இரட்டைப் பதிவு எதுவும் இல்லை. அப்புறம் நேர வரம்பைக் கூட்டினேன். விடை மாறவில்லை. மாடலில் எழுதிய நிபந்தனைகளை, அதாவது கட்டுப்பாடுகளை, வரிவரியாகப் படித்தேன், குறிகளும் சரி.

பிடி கிடைத்தது தசம இடங்களில். அறிக்கை இரண்டு தசமங்களோடு அச்சிட்டதால்தான் 0.00. முழு மதிப்பை அச்சிட்டால் 0.000008! குரோபி, சிபிளெக்ஸ் என்ற இரண்டு சால்வர்களிலும் முழு எண்ணுக்கான சகிப்பு எல்லை, அதாவது முழு எண்ணிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற அளவு, இயல்பாகவே 0.00001. அதற்குள் அடங்கும் எதையும் அவை 0 என்றே ஏற்றுக்கொள்ளும். பேருந்து ஓடினால்தான் ஆள் ஏறலாம் என்ற கட்டுப்பாட்டில் அந்த பைனரியைப் பெருக்கிய எம், அதாவது பேருந்து ஓடும்போது தடையாக இல்லாதபடி வேண்டுமென்றே பெரிதாக வைக்கும் எண், 10,00,000. பெருக்கிப் பாருங்கள், சரியாக 8 வரும்.

எம் இருந்த இடத்தில் அந்தந்தப் பேருந்தின் இருக்கை எண்ணிக்கையைப் போட்டேன். 50 இருக்கை என்றால் கசியக்கூடியது அதிகபட்சம் 0.0005, ஒரு மாணவர்கூட நுழைய முடியாது. அப்பாடா என்றிருந்தது. கட்டுப்பாடு இறுகியதால் சால்வரும் முன்பைவிட வேகமாக முடித்தது. சகிப்பு எல்லையைக் குறைப்பதும் ஒரு வழிதான், ஆனால் எம் அவ்வளவு பெரிதாகவே இருந்தால் கசிவு குறையுமே தவிர அடைபடாது.