மாடி எடுக்கப் போகிறீர்களா? வடசென்னையில் பிளான் அப்ரூவல் வாங்கும் முறை

கொடுங்கையூரிலோ தண்டையார்பேட்டையிலோ அரை கிரவுண்டில் (1200 சதுர அடி) ஒரு தரைத்தள வீடு. மேலே ஒரு தளம் எடுக்க வேண்டும். இந்த அளவு வீட்டுக்கு மாநகராட்சி அனுமதியே போதும், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) வரை போக வேண்டியதில்லை. மனு சிக்குவது மேலே வரப்போகும் அறைகளால் அல்ல, பெரும்பாலும் கீழ் வீட்டின் காகிதங்களால்தான். கொத்தனாரிடம் பேசுவதற்கு முன் பீரோவைத் திறந்து பாருங்கள்.

வெள்ளையடிப்பு, பூச்சு வேலை, தரை டைல்ஸ் மாற்றுவது இவற்றுக்கு அனுமதி வேண்டாம். புதுத் தளம், பக்கவாட்டு நீட்டிப்பு, மொட்டை மாடியில் சுவர் எழுப்பி ஷீட் போட்ட அறை எல்லாவற்றுக்கும் வேண்டும். ‘ஷீட்தானே சார்’ என்பது மாநகராட்சியில் எடுபடாது.

படி 1: காகிதங்கள்

கிரயப் பத்திரம், பட்டா அல்லது டவுன் சர்வே நிலப் பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, தரைத்தளத்துக்கு முன்பு வாங்கிய வரைபட அனுமதி.

பட்டா அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம். வாரிசுகள் பலர் என்றால் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் பதிவேட்டில் புதிய டவுன் சர்வே எண்ணும் இருப்பது இந்தப் பக்கம் சகஜம். இரண்டும் ஒரே இடம்தான் என்று தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசு வீட்டு வாரியத்தில் ஒதுக்கீடாகக் கிடைத்த வீடு என்றால், கிரயப் பத்திரம் கைக்கு வரும்வரை மனுவை நினைக்க வேண்டாம்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் 2011-இல்தான் மாநகராட்சிக்குள் வந்தன. அங்கே பழைய மனைகள் பலவற்றுக்கு லேஅவுட் (மனைப்பிரிவு) அனுமதியே கிடையாது. அனுமதியில்லா மனைகளுக்கான 2017 வரன்முறைத் திட்டத்தில் உங்கள் மனை முறைப்படுத்தப்பட்டதா என்று பாருங்கள். பஞ்சாயத்து முத்திரை மட்டும் போதாது. சொத்து வரி ரசீதும் அனுமதிக்கு ஈடாகாது. அனுமதியில்லாத கட்டடத்துக்கும் வரி போடுவார்கள்.

படி 2: டேப் பிடித்து அளப்பது

பத்திரம் சதுர அடியில் பேசும், பட்டா சதுர மீட்டரில். 1200 சதுர அடி என்றால் சுமார் 111.5 சதுர மீட்டர். பத்திரம், பட்டா, மனையின் நேரடி அளவு மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் குறைந்த அளவை வைத்து வரையச் சொல்லுங்கள்.

2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி சாதாரண வீட்டுக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2. அதாவது 111.5 சதுர மீட்டர் மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 223 சதுர மீட்டர். கணக்குக்குத் தாராளம்தான், ஆனால் அதை எட்டுவதற்கு முன்பே செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம், தடுத்துவிடும். முன்பக்கம் விட வேண்டிய இடம் சாலை அகலத்தைப் பொறுத்தது. தெரு அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள். வரைபடத்தில் ஒன்று, நேரில் ஒன்று என்றால் கள ஆய்வில் மாட்டிக்கொள்ளும். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் தொடர் கட்டடப் பகுதி (வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் இடம்) என்று குறிக்கப்பட்ட தெருக்களில் பக்கவாட்டு இடைவெளி இல்லாமலே கட்டலாம்.

படி 3: இடத்துக்கான தடை

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். புழல் பக்கம் என்றால் செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புக் கட்டுப்பாடு உண்டு. இதைக் கடைசியில் கண்டுபிடித்தால் பிளான் போட்ட காசு வீண்.

படி 4: வரைபடமும் உறுதிச் சான்றும்

பதிவு பெற்ற பொறியாளர் வரைந்து கையெழுத்திட வேண்டும். இருக்கும் பகுதியும் புதுப் பகுதியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வெளிப் படிக்கட்டு, மழைநீர் சேகரிப்புத் தொட்டி, செப்டிக் டேங்க் எதையும் விடக்கூடாது. கீழ்த்தளம் பழைய அனுமதியை மீறிக் கட்டப்பட்டிருந்தால் அதை மறைத்து வரையாதீர்கள். ஆய்வுக்கு வரும் உதவிப் பொறியாளர் கையிலும் டேப் இருக்கும்.

பழைய வீடுகள் பல பில்லர் இல்லாத செங்கல் சுவர் கட்டடங்கள். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் கூரைக் கம்பி துருப்பிடித்து, காங்கிரீட் உதிர்ந்து நிற்கும். கீழ்க்கட்டடம் மாடியைத் தாங்கும் என்பதற்கான உறுதிச் சான்றை, கட்டமைப்புப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டாமல் வெறுமனே வாங்குவது மடத்தனம்.

படி 5: மனு

ஒற்றைச் சாளர இணையதளத்தில் பொறியாளரே பதிவேற்றுவார். கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். விளக்கம் கேட்டு வரும் தகவல் அவரிடமே தங்கிவிட்டால் மனு அப்படியே கிடக்கும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை (உரிமையாளரே சான்றளித்து அனுமதி வாங்குவது) புது வீட்டுக்கானது: 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம். ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் மாடி எடுக்க வழக்கமான வழியில் போங்கள்.

ஆய்வு முடிந்து கட்டணம் கேட்பார்கள். ஆன்லைனில் கட்டியதும் அனுமதி ஆணையும் வரைபடமும் வரும். அதன் பிரதி ஒன்று வேலை நடக்கும் இடத்திலேயே இருக்கட்டும். நடுவில் பால்கனியை நீட்டவோ படிக்கட்டை மாற்றவோ தோன்றினால், சென்ட்ரிங் அடிப்பதற்கு முன் திருத்திய வரைபடத்துக்கு மனு போடுங்கள். கட்டி முடித்த பிறகு வருவது நோட்டீஸ்தான்.