ஒரே சிபியுவில் இரண்டு தனிக்குடித்தனம்

கோத்தகிரியிலிருந்து கோவைக்குப் போய் ஒரு மதர்போர்டை மாற்றிக்கொண்டு வருவதென்றால் முழுசாக ஒரு நாள் போய்விடும். மேட்டுப்பாளையம் வரை இறங்கி, பஸ் மாறி, கடையில் “நாளைக்கு வாங்கக்கா” என்பதைக் கேட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் மலை ஏற வேண்டும். ஐப்பசி மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் நடக்காது. அதனால் விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் வேண்டும் என்று யார் கேட்டாலும், வேகத்தைப் பிறகு பார்க்கலாம், திருப்பிக் கொடுக்க வேண்டி வராத சாமானாக முதலில் வாங்குங்கள் என்பேன்.

நான் இன்ஜினியர் இல்லை. தேயிலை ஃபேக்டரி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். டேலி, ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் எனக்கு விண்டோஸில். மகளுக்குக் கல்லூரிப் பாடம் முழுக்க உபுண்டு என்ற லினக்ஸில். பயிற்சிக்கு மட்டும் லினக்ஸ் போதும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கணினிக்குள் கணினியாக, ஓட்டிக்கொள்ளலாம், கீழே சொல்லும் பாடு எதுவும் வேண்டாம். அவளுக்கு அது போதவில்லை.

பழைய சிஸ்டத்தில் ஒரே டிஸ்க்கைப் பிரித்துத்தான் இரண்டையும் போட்டிருந்தோம். ஒரு மாதம் 19-ஆம் தேதி இரவு, மகள் லினக்ஸை மறுபடி ஏற்றுகிறேன் என்று உட்கார்ந்து, எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பங்கு) யாருடையது என்று தெரியாமல், கணினி எழுவதற்கான பூட் பகுதியையே அழித்துவிட்டாள். மறுநாள் ஜிஎஸ்டி 3பி படிவம் தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்கு பேக்கப்பில் இருந்தது, விண்டோஸ்தான் எழுந்திருக்கவில்லை. காலையில் ஃபேக்டரிக்கு ஓடி, அங்கிருந்த கணினியில் முடித்தேன். அன்றைக்கு எடுத்த முடிவு: இரண்டுக்கும் தனித்தனி டிஸ்க். கூட்டுக்குடித்தனம் வேண்டாம்.

எனவே பட்ஜெட்டில் முதல் இடம் இரண்டு எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு. இரண்டையும் ஒரே அளவில் வாங்காதீர்கள். லினக்ஸ் ஏற்றும்போது திரையில் டிஸ்க்கின் மாடல் எண்ணும் அளவும்தான் தெரியும். இரண்டும் 500 ஜிபி என்றால் நடு இரவில் கண் ஏமாறும். ஒன்று 500 ஜிபி, இன்னொன்று 1 டிபி என்றால் குழப்பமே வராது. எங்கள் வீட்டில் விண்டோஸ் போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 என்விஎம்இ டிஸ்க்கில் இருக்கிறது, லினக்ஸ் கேபிளில் இணைக்கும் சாதாரண 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டியில். சாட்டா என்றால் விநாடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும், என்விஎம்இ அதைப்போலப் பல மடங்கு ஓடும். ஆனால் நிரல் எழுதுகிறவளுக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. சாட்டாவில் எனக்குப் பிடித்தது அதன் கேபிள். விண்டோஸ் ஏற்றும்போது அந்தக் கேபிளைப் பிடுங்கி வைத்துவிடலாம், லினக்ஸ் டிஸ்க் அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. அப்புறம் லினக்ஸ் ஏற்றும்போது எம்.2 டிஸ்க்கையும் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள். சோம்பலாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். சில இன்ஸ்டாலர்கள் நாம் எந்த டிஸ்க்கைக் காட்டினாலும் லினக்ஸை எழுப்பும் பூட் லோடரை மட்டும் முதல் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும். இப்படிப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தன் பூட் பகுதி தன் டிஸ்க்கிலேயே இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது எழும்.

எல்லாவற்றிலிருந்தும் இது காப்பாற்றும் என்று சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்ட்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, இரண்டு ஓஎஸ் (இயங்குதளம்) வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் பூட் ஆகாமல் நின்றது. அது மாற்றியது போர்டுக்குள் இருக்கும் செக்யூர் பூட் (நம்பகமான நிரலை மட்டும் எழவிடும் காவல்) விவரத்தை, அதனால் டிஸ்க் தனியாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது போர்டு. கடைக்குப் போகுமுன் அதன் மேனுவலை இறக்கிப் படியுங்கள். சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் டிஸ்க் செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் வேலை செய்யாது. இது பெட்டியின் மேல் அச்சாகியிருக்காது, மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கும். எந்த டிஸ்க்கிலிருந்து எழ வேண்டும் என்று கேட்கும் பூட் மெனு எந்த விசையில் வரும் என்பதையும் பாருங்கள்: ஜிகாபைட்டில் எஃப்12, எம்எஸ்ஐயில் எஃப்11, ஆசுஸில் எஃப்8 என்பது வழக்கம். தினமும் தொடப்போகும் விசை அது.

பிராசஸர் விஷயத்தில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியின் ரைசன் என்றால் 2000 வரிசைக்குக் குறையக் கூடாது. ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று 6, 7-ஆம் தலைமுறை ஆபீஸ் கழிவுச் சிஸ்டத்தை எடுக்காதீர்கள். லினக்ஸ் அதில் பறக்கும், விண்டோஸ் பாதி வழியில் நிற்கும். அதே சமயம் போன மாதம் வெளிவந்ததையும் எடுக்க வேண்டாம். புது சில்லுக்கு லினக்ஸ் கெர்னல் (அதன் மையப் பகுதி) தயாராகக் கொஞ்ச காலம் பிடிக்கும். சந்தைக்கு வந்து ஒன்றிரண்டு வருடமான சாமான்தான் இரண்டு பக்கமும் ஒத்துவரும்.

உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸராகக் கேளுங்கள். இன்டெலில் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். ஐ5-12400 என்றால் உண்டு, 12400எஃப் என்றால் கிடையாது. ரைசனில் 5600ஜி-யில் உண்டு, வெறும் 5600-இல் கிடையாது. விலை குறைவு என்று ‘எஃப்’பைத்தான் கடைத்தம்பி முதலில் எடுத்து வைப்பார். தனி கார்டு கட்டாயம் வேண்டும் என்றால் ஏஎம்டி எடுங்கள், அதை இயக்கும் டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியாவும் ஓடும். ஆனால் அதன் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டும், செக்யூர் பூட் போட்டிருந்தால் அந்த டிரைவரின் சாவியைப் பதிவு செய்யும் நீலத் திரையையும் தாண்ட வேண்டும். ஏஐ படிக்கிற பிள்ளைகளுக்கு என்விடியாதான் என்கிறார்கள். அவர்கள் அந்தப் பாட்டைப் பட்டுத்தான் ஆக வேண்டும்.

ராம் 16 ஜிபி போதும். இரண்டு ஓஎஸ் என்றால் இரண்டு மடங்கு ராம் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதானே ஓடும்!

வைஃபையில் நான் ஏமாந்திருக்கிறேன். மலிவாக ஒரு யூஎஸ்பி வைஃபை குச்சி வாங்கினேன். விண்டோஸில் நன்றாக ஓடியது, லினக்ஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். கடைசியில் போனை யூஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் போட்டுத் தப்பித்தோம். இந்த வித்தை நினைவில் இருக்கட்டும். இப்போது இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு போட்டிருக்கிறோம், இரண்டிலும் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஏஎக்ஸ்211 என்று இன்னொன்று உண்டு, பார்க்க ஒன்று போலவே இருக்கும். அது இன்டெல் போர்டில் மட்டும் வேலை செய்யும், ரைசன் போர்டில் செய்யாது. பிரிண்டரையும் இதே போல விசாரியுங்கள். ஊரெல்லாம் வைத்திருக்கும் கேனன் எல்பிபி2900-ஐ லினக்ஸில் ஓட்டுவது பெரிய வேலை. நாங்கள் பிரிண்ட் மட்டும் விண்டோஸுக்குப் போய் எடுக்கிறோம்.

கூலரில் காசைக் கொட்டாதீர்கள். ஆறாயிரம் அடி உயரக் குளிரில் உட்கார்ந்துகொண்டு வாட்டர் கூலர் கேட்டபோது கடைத்தம்பி சிரித்தேவிட்டார். “அக்கா, ஜன்னலைத் திறந்து வைங்க, போதும்.” ஆனால் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வரும், எனவே சிபியுவை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். மிச்சமான பணத்தில் யூபிஎஸ் வாங்குங்கள். இங்கே காற்றடித்தால் கம்பிமேல் மரம் விழும், கரண்ட் போகும். அப்டேட் பாதியில் இருக்கும்போது போனால் எந்த ஓஎஸ்ஸும் பிழைப்பது சந்தேகம்தான். தனி கார்டு இல்லாத சிஸ்டத்தை ஒழுங்காக மூட 600 விஏ யூபிஎஸ் போதும்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது, தூங்கத்தான் போகும். பொது ஃபைல்கள் இருக்கும் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாமல் போகும். அடுத்தது கடிகாரம். போர்டில் இருக்கும் நேரத்தை லினக்ஸ் உலக நேரமாக எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் நம் நேரமாக எடுத்துக்கொள்ளும். மகள் படித்து முடித்தபின் நான் உட்கார்ந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும், தாக்கல் தளத்தில் கையெழுத்து தகராறு செய்யும். லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளைதான்.

கடைசியாக பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், இப்போதைய பதிப்புகள் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிக்கொள்கின்றன. அதன்பின் மகள் பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) எதையாவது மாற்றினால், காலையில் எனக்கு 48 இலக்கச் சாவி கேட்டுத் திரை நிற்கும். முதல் நாளே அந்தச் சாவியை அச்செடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் அதே பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துவிட்டேன். இதுவரை இரண்டு தடவை எடுத்தாகிவிட்டது.