கல்லூரி டிரெய்லருக்கு ஆள் எடுப்பதும் கருவி சேர்ப்பதும்: குமரி மாவட்ட மாணவர்களுக்கு

சினிமாவில் கடற்புறத்து ஆள் வந்தால் கையில் அரிவாளோ பாட்டிலோ இருக்கும். குமரித் தமிழ் பேசும் ஆள் வந்தால் சிரிக்க வைக்கத்தான் வருவார். இதை மாற்ற வேண்டும் என்று குறும்படம் எடுக்கக் கிளம்பும் மாணவர்கள் கதையை நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் படத்துக்கான டிரெய்லரில் கதை சொல்ல நேரம் கிடையாது. 90 நொடியில் பார்ப்பவருக்குக் கிடைப்பது ஒரு முகம், ஒரு குரல், ஒரு கை செய்யும் வேலை. அதனால் யாரை நடிக்க வைக்கிறோம், அவரை எந்த வெளிச்சத்தில் காட்டுகிறோம், அவர் குரலை எப்படிப் பதிகிறோம் என்ற மூன்றிலும்தான் பழைய அச்சு உடையும். அல்லது இன்னொரு முறை அழுத்தமாகப் பதியும். ஆள் தேர்வையும் கருவிப் பட்டியலையும் தனித்தனி வேலையாகப் பார்க்காமல் ஒன்றாகவே திட்டமிடச் சொல்வது இதனால்தான்.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம். ஜெனி, கடற்கரை ஊர்ப் பெண், நாகர்கோவிலில் கணக்கர் வேலை. வாடகைக்கு வீடு பார்க்கிறாள். எல்லாம் பேசி முடிந்தபின் "ஊர் எது மக்களே?" என்று வீட்டுக்கார அம்மா கேட்கிறார். பதிலைக் கேட்டதும் அவர் முகம் மாறுகிறது. ஜெனியின் அப்பா ஆழ்கடல் படகு ஓட்டுபவர். கதையில் முக்கியமாக இந்த மூன்று பேர், கூடவே ஒரு புரோக்கரும் வீட்டுக்கார அம்மாவின் மகளும்.

படி 1: எந்த எண்ணத்தை உடைக்கிறோம் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"சமூகத்தின் தவறான பார்வைகளைச் சாடுகிறோம்" என்று எழுதினால் ஆள் எடுக்க அது உதவாது. "கடற்புறத்து ஆள் முரடன், அவனுக்கு வீடு கொடுத்தால் தொல்லை" என்று, ஊரில் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். படிக்கக் கூச்சமாக இருந்தால் சரியாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்து, அந்த எண்ணத்தை அப்படியே தலைகீழாக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். முரடன் என்பதற்குப் பதிலாக அப்பாவைப் புனிதராகக் காட்டினால் அதுவும் ஓர் அச்சுதான். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் சுறா வேட்டைக்கு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். ஜிபிஎஸ், எதிரொலிக் கருவி, வானிலை, டீசல் கணக்கு எல்லாம் அவர்களுக்கு அன்றாடம். அப்பா ஒரு பழைய நோட்டில் கடல் இடங்களின் எண்களைக் குறித்து வைத்திருக்கிறார், மகளிடம் கொஞ்சம் சிடுசிடுப்பார், வாடகை பேசும்போது கூச்சப்படுவார் என்று எழுதுங்கள். அப்போது அவர் ஒரு தனி மனிதர் ஆகிவிடுகிறார். வீட்டுக்கார அம்மாவுக்கும் இதே நியாயம் வேண்டும். கொடுமைக்காரியாக அவரைக் காட்டினால், பார்ப்பவர்கள் "நான் அப்படி இல்லை" என்று எழுந்து போய்விடுவார்கள். அவர் நல்லவர், காபி போட்டுக் கொடுக்கிறார், ஆனாலும் அந்தப் பதிலைக் கேட்டதும் முகம் மாறுகிறது. இந்தக் கதையின் வலி அங்கேதான் இருக்கிறது.

படி 2: ஷாட் பட்டியல்

90 நொடிக்கு, ஷாட் ஒன்றுக்கு சராசரி 3 நொடி என்றால், 30 ஷாட் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: யார், எங்கே, வசனம் உண்டா. கருவிப் பட்டியல் இந்த மூன்றாவது விஷயத்திலிருந்துதான் பிறக்கும். வசனம் உள்ள ஷாட் பத்துக்கு மேல் போனால் குறையுங்கள்.

படி 3: ஆள் தேடுதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். பெரும்பாலான குழுக்கள் வகுப்பு நண்பர்களையே நடிக்க வைத்துவிடுகிறார்கள். இருபது வயதுப் பையனுக்கு நரை பூசி அப்பா ஆக்கும்போதே படம் விழுந்துவிடுகிறது.

நம் மாவட்டத்தில் நடிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரை ஊர்களில் தேவாலயத் திருவிழா நாடகங்களில் நடித்தவர்கள் இருக்கிறார்கள். அம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுப் பாடுபவர்கள், பின்பாட்டுக்காரர்கள் உட்பட, குரலை ஏற்றி இறக்கத் தெரிந்தவர்கள். அடிமுறை, சிலம்பம் பழகியவர்களுக்கு உடம்பை அசையாமல் நிறுத்தும் பயிற்சி உண்டு. கேமரா முன்னால் அது பெரிய சொத்து. முந்திரி ஆலைகளில், நம் பேச்சில் அண்டி ஆபீஸ்களில், வேலை செய்யும் அம்மாக்களிடம் பேசிப் பாருங்கள். வீட்டுக்கார அம்மாவாக நடிக்க அவர்களில் ஒருவரைக் கேட்கலாம். தொழிலாளிப் பெண் தொழிலாளியாக மட்டும்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது?

வாட்ஸாப்பில் அனுப்பும் அழைப்பில் "சிவந்த நிறம்", "லட்சணமான முகம்" போன்ற சொற்கள் கூடாது. வயது வரம்பு, எத்தனை நாள், எந்த இடம், பஸ் காசும் சாப்பாடும் உண்டு, சம்பளம் உண்டா இல்லையா என்று நேராக எழுதுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் கட்டாயம்.

விண்ணப்பங்கள் வந்தபின் ஒரு சோதனை செய்யுங்கள். ஜெனிக்கு நினைத்த பெண்ணையும் வீட்டுக்கார அம்மாவின் மகளுக்கு நினைத்த பெண்ணையும் தாளில் இடம் மாற்றிப் போடுங்கள். "இவள் கறுப்பு, கடற்புறத்துப் பெண்ணாகத்தான் சரி" என்று மனதில் ஓடினால், நீங்கள் உடைக்க வந்த எண்ணம் உங்கள் குழுவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இடம் மாற்றியபடியே ஒரு முறை ஆடிஷன் எடுத்துப் பாருங்கள். முடிவு அடிக்கடி மாறும்.

படி 4: ஆடிஷன்

வசனத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். புதியவர்கள் படித்தால் பள்ளிக்கூட ஒப்பித்தல் வந்துவிடும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். அப்பாவாக வருபவர் கயிறு முடிச்சுப் போட்டுக்கொண்டே மகளின் போனுக்குப் பதில் சொல்லட்டும். வீட்டுக்கார அம்மா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே ஊரைக் கேட்கட்டும். பதில் காதில் விழும்போது அந்தக் கை என்ன செய்கிறது என்று பாருங்கள். நல்ல நடிகருக்குக் கை ஒரு நொடி நிற்கும்.

பேச்சு வழக்கையும் இங்கேயே முடிவு செய்ய வேண்டும். தோவாளைப் பேச்சு வேறு, மலையாளச் சாயல் கலந்த விளவங்கோட்டுப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. ஒருவரின் பேச்சை இன்னொருவர் வாயில் திணித்தால் அது கேலியாகத்தான் கேட்கும். கருத்தை மட்டும் சொல்லி, "உங்க வீட்டில எப்படிச் சொல்லுவீங்களோ அப்படிச் சொல்லுங்க" என்று விடுங்கள். அவர் சொன்னதை எழுதி அதையே வசனமாக்குங்கள்.

குழுவில் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒருவராவது முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஆலோசகர் என்று பெயர் போட்டுவிட்டு அவர் சொல்வதைக் கேட்காமல் விடுவது சரியல்ல. "இந்த ஷாட் வேண்டாம்" என்று அவர் சொன்னால் அந்த ஷாட் இல்லை.

படி 5: கேமரா

நல்ல செல்போன் இருந்தால் போதும், ஆனால் அமைப்புகளைக் கையால் வைக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் டியூப் லைட், எல்இடி பல்பு வெளிச்சத்தில் படம் பெரும்பாலும் மினுக்காது. இந்த ஷட்டரில் வெளி வெயிலில் படம் வெளுத்துவிடும். லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் போடுங்கள், இல்லையென்றால் நிழலில் எடுங்கள்.

முகத்தை வழவழப்பாக்கும் பியூட்டி வசதியை முற்றிலும் அணைத்துவிடுங்கள். பல போன்களில் அது தோலின் நிறத்தையும் வெளுப்பாக்கும். கதையில் நிறத்தைப் பற்றிப் பேசிவிட்டு கேமராவில் வெளுக்க வைத்தால் இத்தனை நாள் பாடும் வீண்.

கடற்கரையில் தானியங்கி அமைப்பை நம்பக் கூடாது. வானமும் கடலும் பளிச்சென்று இருப்பதால் கேமரா மொத்த வெளிச்சத்தையும் குறைக்கும், கறுத்த முகம் வெறும் நிழலாகும். எடிட்டிங்கில் தூக்கினால் தோல் சாம்பல் பூத்து, புள்ளி புள்ளியாகத் தெரியும். திரையில் முகத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். இன்னும் நல்லது, பின்னணியாக வானத்தை விட்டுவிட்டு தென்னந்தோப்பையோ வள்ளத்தின் பக்கவாட்டையோ வைப்பது. ஒரு தெர்மாகோல் அட்டை, இல்லையென்றால் நான்காக மடித்த வெள்ளை வேட்டி, முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். வியர்வை மினுமினுப்பைத் துண்டால் ஒற்றி எடுங்கள், தோலைவிட வெளுத்த பவுடர் வேண்டாம்.

முட்டம், குளச்சல் பக்கம் மாலை வெயில் கடல் பக்கமிருந்து வரும். நடிகர் கடலைப் பார்த்து நிற்க, கேமரா கடலுக்கு முதுகு காட்டினால் முகம் துலங்கும். அலை எவ்வளவு தூரம் ஏறும் என்று பார்த்துக்கொள்ள ஒருவர் தனியாக நிற்கட்டும்.

படி 6: ஒலி

கையில் காசு குறைவாக இருந்தால் லென்ஸை விட்டுவிட்டு மைக்கில் போடுங்கள். காரணம் வெறும் தரம் மட்டும் அல்ல. கடற்கரைப் பேச்சு வெளியூர்க்காரர் காதுக்குப் புதிது. ஒலி தெளிவாக இல்லையென்றால் "என்ன பேசுறாங்கன்னே புரியல" என்று சிரித்துவிடுவார்கள், பழி பேச்சு வழக்கின் மேல் விழும்.

காலர் மைக் இரண்டு, அவற்றுக்கு முடிபோல் அடர்ந்த காற்றுத் தடுப்பு உறை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் ஸ்பாஞ்ச் உறை கடற்காற்றுக்குப் போதாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அங்கே காற்று அப்படி அடிப்பதால்தான், அங்கே வசனம் எடுக்க முயலாதீர்கள். கடற்கரையிலும் அகன்ற ஷாட்டுகளை வசனம் இல்லாமல் எடுத்துவிட்டு, அறைக்குள் பதிந்த குரலை அவற்றின் மேல் ஓட விடலாம். டிரெய்லருக்கு அது நன்றாகவே பொருந்தும். மெத்தை, தலையணை, அடர்ந்த துணி நிறைந்த படுக்கையறை நல்ல ஒலிப்பதிவுக் கூடம். மின்விசிறியை அணையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 நொடி சும்மா பதிந்துகொள்ளுங்கள், வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும்.

படி 7: மெமரி, மின்சாரம், உப்பு

கணக்கு எளிது. 30 ஷாட், தலா 4 முறை, ஒவ்வொன்றும் 20 நொடி என்றால் 40 நிமிடப் பதிவு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நிமிடத்துக்கு 750 எம்பி, மொத்தம் சுமார் 30 ஜிபி. 64 ஜிபி கார்டு இரண்டு போதும். அன்றன்று இரவே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத்தான் கார்டை அழிக்க வேண்டும்.

கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீடு திரும்பியதும் லேசாக ஈரம் தொட்ட துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். ட்ரைபாட் காலில் மணல் பை ஒன்று கட்டுங்கள்.

படி 8: நாளும் அனுமதியும்

கேமரா, லைட் எல்லாம் நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்யாண ஸ்டூடியோக்களில் வாடகைக்குக் கேட்கலாம். முகூர்த்த நாளில் போனால் கிடைக்காது. ஆடி, மார்கழி மாதங்களிலும் கிறிஸ்தவர்களின் தவக்காலத்திலும் கல்யாணங்கள் குறைவு, அப்போது கேட்டால் விலையும் பேசிக் குறைக்கலாம். ஆடி தென்மேற்குப் பருவமழைக் காலம், மார்கழியிலும் வடகிழக்கு மழை எட்டிப் பார்க்கும். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் வரும் தவக்காலத்துக்கே என் ஓட்டு. கருவியை வாங்கும்போது கடைக்காரர் முன்னாலேயே எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள்.

துறைமுகத்தில் விசைப்படகு வேண்டுமென்றால் மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பக்கத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கட்டிப்போட்ட படகுகள் வேண்டுமா, கடலுக்குப் போகும் படகுகள் வேண்டுமா என்பதைப் பொறுத்து நாளை முடிவு செய்யலாம். கடற்கரை ஊருக்குள் எடுக்க முதலில் பங்குப் பேரவையிடமோ ஊர்க் கமிட்டியிடமோ நேரில் போய்க் கதையைச் சொல்லுங்கள். மீன் ஏலம் நடக்கும்போது கேமராவை நீட்டாதீர்கள், அது அவர்களின் வேலை நேரம். பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்க நினைத்தால் அனுமதி கேரளத் தொல்லியல் துறையிடம், வட்டக்கோட்டைக்கு மத்தியத் தொல்லியல் துறையிடம். ட்ரோன் பறக்கவிடுமுன், மத்திய அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடத்துக்குத் தடை உண்டா என்று பாருங்கள்.

படி 9: வெளியிடுமுன் நடிகர்களுக்குக் காட்டுங்கள்

முதல் வெட்டு தயாரானதும் நடித்த எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் பிடிச்சிருக்கு என்றுதான் சொல்வார்கள். "உங்க ஊர்ல இதைப் போட்டா யாரு கோபப்படுவாங்க?" என்று கேளுங்கள், பேச ஆரம்பிப்பார்கள். அதைக் கேட்டு வெட்ட வேண்டியதை வெட்டுங்கள். தமிழிலேயே துணைவரி போடுவதாக இருந்தால் அவர்கள் பேசியபடியே எழுதுங்கள், எழுத்துத் தமிழாக மாற்றாதீர்கள். பெயர்ப் பட்டியலில் அவரவர் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரவரிடமே கேட்டு எழுதி, முடிந்த டிரெய்லரின் பிரதி ஒன்றை ஒவ்வொருவர் போனுக்கும் ஏற்றிக் கொடுங்கள்.