டைட்டானியம் ஆனோடு சீக்கிரம் பாழாவது எதனால்?

நீரை மின்னாற்பகுக்கப் பயன்படும் எம்எம்ஓ (கலப்பு உலோக ஆக்சைடு) ஆனோடில், அதாவது நேர்மின்வாயில், வேலை செய்வது டைட்டானிய வலை அல்ல, அதன்மேல் சில மைக்ரான் தடிமனில் சுட்டு ஏற்றிய ஆக்சைடு பூச்சு. பூச்சு போனால் டைட்டானியத்தின்மேல் மின்சாரம் கடத்தாத படலம் வளர்ந்து, மின்னோட்டம் படுத்துவிடும்.

முதல் தவறு வாங்கும்போதே நடக்கிறது. பூச்சு கறுப்பாக இருந்தால் போதும் என்று ருத்தேனிய ஆக்சைடு பூசியதை எடுத்துவிடுகிறார்கள். அது உப்புநீரிலிருந்து குளோரின் எடுப்பதற்கானது. ஆக்சிஜன் வெளிவரும் இடத்தில் ருத்தேனியம் மேலும் ஆக்சிஜனேற்றமாகிக் கரைந்துபோகும். அமிலத்திலும் சல்பேட் கரைசலிலும் இரிடியம்-டேன்டலம் பூச்சுதான் தாக்குப்பிடிக்கும். விலை கூடுதல்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். அடர்ந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓட்டுவதானால் இரண்டுமே வேண்டாம், நிக்கல் போதும்.

கடத்துதிறனுக்காகச் சமையல் உப்பு போடக் கூடாது. ஆக்சிஜனோடு குளோரினும் வரும், அது நச்சு. நீரற்ற சோடியம் சல்பேட் லிட்டருக்கு 71 கிராம் கரைத்தால் 0.5 மோலார் கிடைக்கும். காய்ச்சி வடித்த நீரே நல்லது. அமிலக் கரைசலில் ஃபுளோரைடு இருந்தால் டைட்டானியத்தையே அரிக்கும்.

ஆனோடை அதிகம் கொல்வது துருவம் மாற்றுவது. கேத்தோடில் (எதிர்மின்வாயில்) வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்ததும் வயரை மாற்றிக் கொடுத்துச் சுத்தம் செய்யப் பார்ப்பார்கள். அப்போது ஆனோடு கேத்தோடாகிறது. ஹைட்ரஜன் டைட்டானியத்துக்குள் புகுந்து ஹைட்ரைடாகி, பூச்சு செதில் செதிலாக உரியும். கேத்தோடைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். ஆனோடைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவும் கூடாது, கூர்மையாக மடக்கவும் கூடாது. வெட்டிய ஓரத்தில் வெறும் டைட்டானியம் தெரிவதால் மட்டும் கெடுதல் இல்லை.

ஆனோடில் மாட்டும் முதலைக் கிளிப்பை (வயர் முனையிலுள்ள பல் கவ்வி) நீரில் முக்கினால் அதன் செம்பு கரைந்து கரைசல் நீலமாகும், கேத்தோடில் செம்பு பூக்கும். டைட்டானியப் பட்டையை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி, அங்கே இணையுங்கள்.

50 சதுர செ.மீ. பரப்புக்கு 5 ஆம்பியர் என்றால் சதுர செ.மீ.க்கு 100 மில்லி ஆம்பியர். இதை அளவாக வைத்து, ஒரே மின்னோட்டத்தில், ஒரே வெப்பநிலையில் வாரம் ஒருமுறை வோல்ட் குறித்துவையுங்கள். இணைப்பும் கரைசலும் சரியாக இருந்தும் வோல்ட் ஏறிக்கொண்டே போனால் பூச்சு தேய்கிறது என்று பொருள். பவர் சப்ளையைத் திருகி ஈடுகட்டினால் மிச்சப் பூச்சும் வேகமாகப் போகும். அந்த நிலையிலும் வலையை எறிய வேண்டாம். பழைய பூச்சை நீக்கி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கி, புதுப் பூச்சை 450–500 டிகிரி செல்சியஸில் சுட்டேற்ற முடியும்.