சாக்கில் வந்த மிளகு

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டி பக்கத்தில் ஒரு சிமெண்ட் சாக்கு முனகியது. வாயைக் கட்டியிருந்தார்கள். பிரித்தால், உள்ளே கறுப்பாக ஒரு பெட்டை நாய்க்குட்டி. அவள்தான் மிளகு.

சாக்கில் கிடந்ததால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் சாக்கடை ஓரத்திலோ படிக்கட்டின் அடியிலோ குட்டிகளைப் பார்த்தால் உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும். இரண்டு மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாயிடம் இருப்பதைவிட நம் வீடு மேல் என்பது நம் நினைப்புதான்.

கொண்டுவந்துவிட்டீர்கள் என்றால் முதலில் ஈறைத் தடவிப் பாருங்கள். பல் இல்லையென்றால் 3 வாரத்துக்கும் குறைவு. ராத்திரியும் எழுந்து பால் புகட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் மூத்திரம் போகும். மிளகுக்குப் பல் அரிசிபோல முளைத்திருந்தது, நான் தப்பித்தேன்.

முதல் தப்பை அன்றைக்கே செய்தேன். பசிக்கிறதே என்று பசும்பாலை ஊற்றினேன். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. நாய்க்குட்டிக்கென்றே பால்பவுடர் விற்கிறார்கள், அதைக் கொடுங்கள். குழந்தையைப்போல மல்லாத்திப் புகட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குப் போய்விடும். குப்புற வைத்துத் தலையை லேசாகத் தூக்கினால் போதும். பல் வந்த குட்டிக்கு உப்பில்லாமல் குழைந்த சோறும் மசித்த கோழியும் பழக்கலாம். வெங்காயம் கூடவே கூடாது. காய்ச்சலென்று நம் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுப்பது அதைவிட ஆபத்து.

குளிருக்கு, வெந்நீர் பாட்டிலைப் பழைய பாவாடையில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வைத்தேன். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டும்.

மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனோம். வயிற்றுப் பூச்சி மருந்து எடைக்குத் தக்கபடிதான் கொடுக்க வேண்டும். அதனால் போகும் வழியில் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தோம்: 900 கிராம். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில். இவை முடியும்வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள். குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். வாந்தியோடு ரத்தமாகப் போனால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

குட்டிதானே கடிக்கிறது என்று நீங்களும் அசட்டையாக இருக்காதீர்கள். எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. மிளகின் பல் என் விரலைக் கீறியது. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினேன். முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு தடவை ஊசி. காசு வாங்கவில்லை.

வெளிக்குப் போகப் பழக்க ஒரே வழிதான்: தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் திட்டாமல் துடையுங்கள். மூக்கை அதில் தேய்க்கிற வைத்தியத்தைச் சொல்லாத பக்கத்து வீட்டுக்காரரே கிடையாது, யார் பேச்சையும் கேட்காதீர்கள். ஆறு மாதம் ஆனதும் கருத்தடைக்கு மருத்துவரிடம் நாள் கேளுங்கள். அதைத் தள்ளிப்போட்டால் அடுத்த சாக்கு உங்கள் வீட்டிலிருந்தே போகும்.

இதெல்லாம் ஒரு வருஷ வேலை. நாய் 12, 15 வருஷம் இருக்கும். எங்கள் அத்தை முதல் நாளே கேட்டார்: "கொண்டாந்துட்ட, சரி. நாளைக்குப் பின்ன யாரு பாக்கது?" அப்போது எனக்குக் கோபம் வந்தது. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் முன்பே கேளுங்கள். தீபாவளி வெடிக்கு யார் கூட உட்காருவது, ஊருக்குப் போனால் சாவி யாரிடம், எல்லாம் பேசி வையுங்கள்.

போன சித்திரையில் என் தம்பிக்குக் கோயம்புத்தூரில் கல்யாணம். வரவேற்புக்கு என் கணவர் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பினார், முகூர்த்தத்துக்கு நான் போனேன். ஆல்பத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை.