ஸ்பைனலில் சேர்க்கும் மருந்துகள்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பைனலில், அதாவது முதுகில் தண்டுவட நீருக்குள் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்யும்போது, மரக்கச் செய்யும் மருந்தான பூபிவாகைனோடு எதைச் சேர்த்தால் நல்லது என்று கேட்டால், எது அதிக நேரம் வலியை அடக்குகிறதோ அதுதான் என்று சட்டென்று பதில் வந்துவிடும். முதல் தவறே இதுதான். அமைதிப்படுத்தும் மருந்தான டெக்ஸ்மெடிடோமிடின் 5 மைக்ரோகிராம் சேர்த்தால், மார்ஃபின் வகை வலி மருந்தான ஃபென்டனிலைவிட நீண்ட நேரம் வலி தெரியாது, உண்மைதான். ஆனால் கூடவே காலும் அவ்வளவு நேரம் மரத்தே கிடக்கும். தொடை எலும்பு முறிவுக்கு அறுவை செய்துகொண்டவருக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. மூலத்துக்கு அறுவை முடிந்து அன்றே வீட்டுக்குப் போக வேண்டியவர், எழுந்து நடக்கவும் சிறுநீர் கழிக்கவும் முடியாமல் படுத்திருந்தால் அதை யார் வெற்றி என்று சொல்வது?

அடுத்தது, ஃபென்டனிலையும் மார்ஃபினையும் போட்டியாளர்களாக நிறுத்துவது. ஃபென்டனில் கொழுப்பில் எளிதில் கரையும், அதனால் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கி சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மார்ஃபின் நீரில் கரையும் வகை. மெதுவாகத் தொடங்கும், தண்டுவட நீரிலேயே தங்கி ஒரு நாள் வரைகூட வலியை அடக்கும். சிசேரியனில் இரண்டையும் சேர்த்தே கொடுக்கும் வழக்கம் இருப்பது இதனால்தான்: ஒன்று மேசையில் இருக்கும்போது, மற்றது வார்டுக்குப் போன பிறகு. இவற்றை ஆறு மணி நேரம் மட்டும் கவனித்து ஒப்பிட்டால், மார்ஃபினின் நல்லதும் பாதிதான் தெரியும், கெட்டதும் பாதிதான் தெரியும், ஏனென்றால் மூச்சு மந்தமாகும் ஆபத்து அதற்குப் பிறகும் வரலாம்.

அப்புறம் அளவு. பலரும் கண்டுகொள்ளாத இடம் இது. டெக்ஸ்மெடிடோமிடின் ஒரு மில்லியில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது என்றால், 5 மைக்ரோகிராம் என்பது 0.05 மில்லி. சாதாரண சிரிஞ்சின் மூக்கிலேயே அவ்வளவு தங்கிவிடும்! அந்த ஒரு மில்லியைச் சலைன் கலந்து 10 மில்லியாக்கி அதில் 0.5 மில்லி எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். மார்ஃபின் இன்னும் மோசம்: ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் (சிறு மருந்துக் குப்பியில்) 100 மைக்ரோகிராம் என்பது 0.01 மில்லி, கலக்கும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். இன்னொன்று, ஆய்வில் ஒரு குழுவுக்கு 3 மில்லி வெறும் பூபிவாகைன், மற்றதற்கு 3.5 மில்லி கலவை என்று கொடுத்துவிட்டு மருந்தைத்தான் ஒப்பிட்டோம் என்று சொல்ல முடியாது. கன அளவும் மாறுகிறது, குளுக்கோஸ் சேர்ந்த கனமான பூபிவாகைனின் அடர்த்தியும் குறைகிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே 0.5 மில்லி சலைன் சேர்க்க வேண்டும்.

உணர்விழப்பு டி10-ஐ, அதாவது தொப்புள் மட்டத்தை, எட்டுவதில் 40 வினாடி வித்தியாசம், தற்செயலா என்று எடைபோட உதவும் பி மதிப்பு 0.05-க்குக் கீழே என்று சந்தோஷப்படுவதும் உண்டு. அறுவை மேசையில் அந்த 40 வினாடியை யாரும் உணரப்போவதில்லை. அதேபோல "வலி நிவாரண நேரம்" என்பது நோயாளி தானாக மருந்து கேட்ட நேரமா, வலி மதிப்பெண் 4-ஐத் தொட்ட நேரமா என்று பார்க்காமல் இரண்டு ஆய்வுகளின் நிமிடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். இடையில் எல்லோருக்கும் பாரசிட்டமால் ஓடியதா என்பதும் முக்கியம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்கு எரிச்சல் அதிகம். குழுவுக்கு 30 பேர், யாருக்கும் மூச்சு மந்தமாகவில்லை, ஆகவே பாதுகாப்பானது என்று எழுதிவிடுகிறார்கள். 30 பேரில் ஒருவருக்கும் நடக்கவில்லை என்றால், உண்மையான விகிதம் ஏறத்தாழ 10 சதவீதம் வரை இருக்கலாம் என்பதே புள்ளியியல் சொல்லும் கணக்கு. அரிப்பு, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது, நாடி குறைவது ஆகியவற்றை வேண்டுமானால் அந்த எண்ணிக்கையில் ஓரளவு பார்க்கலாம். ஃபென்டனிலும் மார்ஃபினும் அரிப்பைத் தரும் என்பதால், அரிப்பு வந்தாலே எந்தக் குழு என்று கவனிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்.

கடைசியாக, ரத்தக் குழாயில் போடும் ஆம்பூல் எல்லாம் முதுகில் போடத் தகுந்ததல்ல. பதப்படுத்தும் பொருள் சேராததா என்று பார்க்க வேண்டும். டெக்ஸ்மெடிடோமிடினின் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டில் ஸ்பைனல் கிடையாது, ஆகவே ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் வெறும் காகித வேலை அல்ல. பூபிவாகைன் என்று நினைத்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை முதுகில் ஏற்றி, வலிப்பு வந்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆம்பூலை ஸ்பைனல் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். உறிஞ்சும் முன் பெயரை இன்னொருவர் உரக்க வாசிக்கட்டும்.